அப்பாவுக்கு எல்4-எல்5 ஜவ்வு விலகல்: உடனே ஆபரேஷனா, புத்தூர் கட்டா, பொறுத்துப் பார்க்கலாமா?

வியாசர்பாடி_மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 52 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆட்டோதான் ஓட்டுகிறார். போன மாதம் ஒரு ராத்திரி சவாரி முடித்து வந்தவர், வண்டியை விட்டு இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். முதலில் இடுப்பில் மட்டும்தான் பிடிப்பு. வாயுப் பிடிப்பு என்று நினைத்து உப்பு ஒத்தடம் கொடுத்தோம், தெருமுனை மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். சில நாளில் இடுப்பு வலி கொஞ்சம் விட்டது. ஆனால் இடது பிட்டத்தில் ஆரம்பித்து, தொடை, கெண்டைக்கால் வழியாகக் கட்டைவிரல் வரை சுண்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. இருமினாலே காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறது என்கிறார்.

ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ எடுத்தோம். எல்4-எல்5ல், அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில், ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அதற்குக் கீழே எல்5-எஸ்1ல் தேய்மானம் என்று ரிப்போர்ட். இந்த வாரமே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை புத்தூர் கட்டு போடச் சொல்கிறார். மாமா கேரளா எண்ணெய் வைத்தியம் என்கிறார். அப்பாவோ முதுகில் கத்தி வைத்தால் அப்புறம் வண்டியே ஓட்ட முடியாது என்று பிடிவாதமாக இருக்கிறார். வண்டிக்கு டியூ போய்க்கொண்டிருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_லோகோ

எனக்கும் இதே எல்4-எல்5தான்மா, இதே மாதிரி காலில் இழுப்பு. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்தபோது வந்தது. அப்போதும் ஆபரேஷன் என்றார்கள். எங்கள் ரயில்வே டாக்டர் ஒருவர் மட்டும் ஆறு வாரம் பொறுத்துப் பார், கால் பலம் குறைந்தால் உடனே வா என்றார். மூன்றாவது மாதம் ட்யூட்டிக்குப் போய்விட்டேன். அதன்பிறகு எப்போதாவது இடுப்பு பிடிக்கும், காலுக்கு மட்டும் வந்ததில்லை. அப்பாவைப் பதற வேண்டாம் என்று சொல்.

ஓஎம்ஆர்_தூசி

பெரியவர் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது, செய்துகொண்டேன், நன்றாக இருக்கிறேன். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். ஆபீஸ் வாசலில் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கிறது, நான் வெறுங்காலோடு லிஃப்ட் வரை போயிருக்கிறேன். பின்னால் வந்த செக்யூரிட்டி அண்ணன் கூப்பிட்டுச் சொன்னபிறகுதான் தெரிந்தது. பாதத்தை மேலே தூக்கவே முடியவில்லை. வலிகூட அன்றைக்குக் குறைவுதான். டாக்டர், வலி குறைந்து பலம் போவது நல்லதல்ல என்று சொல்லி அடுத்த இரண்டு நாளில் நுண்துளை அறுவை சிகிச்சை செய்தார். மறுநாள் நடக்க வைத்தார்கள்.

அதனால் ஆபரேஷன் என்றாலே வாழ்க்கை போச்சு என்று அப்பாவைப் பயமுறுத்த வேண்டாம். தேவையா இல்லையா என்பதுதான் கேள்வி.

மயிலை_மாமி

கண்ணு, எங்கள் அகத்துக்காரருக்கு இடுப்பு பிடித்தபோது, கால் முன்னால் வந்து பிறந்த ஒரு பிள்ளையை அழைத்து வந்து முதுகில் மிதிக்கச் சொன்னோம். அன்றைக்கே எழுந்து உட்கார்ந்தார். காசா பணமா, அதையும் பாரேன். சைதாப்பேட்டை பக்கம் சுளுக்கு எடுக்கிற ஒரு அம்மாவும் இருக்கிறார்.

பிசியோ_அடையாறு

சகோதரி, நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலிக்காரர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். ஸ்கேனை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அப்பாவுக்குச் சிறுநீர் வழக்கம்போல் போகிறதா? அடைத்துக்கொள்கிறதா, அல்லது தெரியாமல் கசிகிறதா? மலத்தை அடக்க முடிகிறதா? சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படுகிற இடம் மரத்துப் போயிருக்கிறதா? வலி இரண்டு காலுக்கும் பரவியிருக்கிறதா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையோ ஸ்டான்லியோ, எது பக்கமோ அங்கே அவசரப் பிரிவுக்கு இப்போதே போங்கள். தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாக இறங்குகின்றன. அந்தக் கொத்து மொத்தமாக நசுங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

அதெல்லாம் இல்லை என்றால், அப்பாவை வெறுங்காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நடக்கச் சொல்லுங்கள். இடது முன்பாதம் தொங்குகிறதா என்று பாருங்கள். பிறகு கட்டைவிரலை முகத்தை நோக்கித் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அழுத்துங்கள். வலது கட்டைவிரல் எவ்வளவு எதிர்க்கிறது, இடது எவ்வளவு எதிர்க்கிறது? எல்4-எல்5 பிதுக்கம் வழக்கமாக அழுத்துவது ஐந்தாவது இடுப்பு நரம்பை. அந்த நரம்பின் பலம் கட்டைவிரலில்தான் முதலில் தெரியும். கடைசியாக இடது காலில் மட்டும் நின்று நுனிக்காலில் எழும்ப முடிகிறதா என்று பாருங்கள். அது கீழே உள்ள எஸ்1 நரம்பின் வேலை.

காய்ச்சல், எடை குறைவு, எப்போதாவது புற்றுநோய், அண்மையில் கீழே விழுந்தது, நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை, இவை இருந்தாலும் சொல்லுங்கள்.

மாமிக்கு ஒன்று. வயதானவர் முதுகில் யாரையும் ஏறி மிதிக்க விடாதீர்கள், தயவுசெய்து. எலும்பு பலம் குறைந்தவர்களுக்கு இருமினாலே முள்ளெலும்பு நசுங்குவதுண்டு.

வியாசர்பாடி_மகள்

நன்றி மேடம். சிறுநீர், மலம் எல்லாம் சரியாக இருக்கிறது. மரப்பு பாதத்தின் மேல்பக்கம் மட்டும்தான். குதிகாலால் நடக்கிறார், வலியோடு. கட்டைவிரல் மட்டும் வலதைவிடக் கொஞ்சம் சுலபமாக அழுந்துகிறது. நுனிக்காலில் எழும்ப முடிகிறது. காய்ச்சல், எடை குறைவு ஒன்றும் இல்லை. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் ஸ்கேனில் அவ்வளவு இருக்கிறதே, அதை எப்படி ஓரமாக வைப்பது?

பிசியோ_அடையாறு

> ஸ்கேனில் அவ்வளவு இருக்கிறதே

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1934ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள், ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் வலி வரும் என்று நிறுவினார்கள். அது உண்மை. உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பதும் அதுதான். ஆனால் அதற்குப் பிறகு எல்லா முதுகுவலிக்கும் ஜவ்வையே குற்றவாளியாக்கும் பழக்கம் வந்துவிட்டது. உண்மையில் இடுப்பு வலியோடு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த எலும்பு, இந்தத் தசை என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

எம்.ஆர்.ஐ வந்தபிறகு, முதுகுவலியே இல்லாதவர்களையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2015ல் அந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது மொத்தம் 3,110 பேர். எவருக்கும் வலி இல்லை. அவர்களில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்மானம் இருந்தது. 50 வயதில் 80 சதவீதம். ஜவ்வு புடைப்பு 50 வயதில் 60 சதவீதம் பேருக்கு. அப்பாவின் ரிப்போர்ட்டில் எல்5-எஸ்1 தேய்மானம் என்று எழுதியிருப்பதை அந்த வயதில் பெரும்பாலோருக்கு எழுதலாம். மவுண்ட் ரோட்டைப் படம் எடுத்தால் பள்ளமெல்லாம் தெரியும், எந்தப் பள்ளத்தில் யார் விழுந்தார் என்று படம் சொல்லாது.

அதற்காக ஸ்கேன் வீண் என்று அர்த்தமில்லை. வலி போகிற பாதை, கால் பலம், மரப்பு, ஸ்கேன் நான்கும் ஒரே நரம்பைக் காட்டினால் அது பொருந்துகிறது. அப்பாவுக்குப் பொருந்துகிறது. அப்போது அடுத்த கேள்வி, இது தானாக ஆறுமா? பெரும்பாலும் ஆறும். பிதுங்கி வெளியே வந்த பகுதியை உடம்பே அந்நியப் பொருளாகப் பாவித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிய்ந்து வந்தவைதான் அதிகம் கரைகின்றன என்பது கேட்க ஆச்சரியமாக இருக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது.

நெதர்லாந்தில் கடுமையான கால் வலி உள்ள 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறு பாதிக்குப் பொறுத்திருந்து தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2007ல் வந்தது. உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் வருடம் முடிவதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஓஎம்ஆர் நண்பர் அவசரப்பட்டதும் சரி, பெரம்பூர் ஐயா பொறுத்ததும் சரி. நண்பருக்குப் பாதம் தொங்கியது, ஐயாவுக்குத் தொங்கவில்லை.

உங்கள் அப்பாவின் கட்டைவிரல் கொஞ்சம் பலம் குறைந்திருப்பது மட்டும்தான் எனக்கு உறுத்துகிறது. அதை ஒரு நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்து அளவு எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது கருத்து இந்த வாரமே வாங்குங்கள். அதற்குள் கையெழுத்துப் போடவேண்டாம்.

கொருக்குப்பேட்டை_பேட்டரி

ஒரு மாத்திரை பற்றிக் கேட்கிறேன். எனக்குக் கால் குடைச்சலுக்கு ப்ரீகாபலின் எழுதினார்கள். நரம்பு ஊசியும் போட்டார்கள். மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, மத்தியானம் வரை தூக்கம் கலைவதில்லை.

பிசியோ_அடையாறு

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடம் போய் இதை அப்படியே சொல்லுங்கள். 2017ல் ஆஸ்திரேலியாவில், நரம்பு அழுத்தத்தால் வரும் கால் வலிக்கு ப்ரீகாபலினையும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். வலி குறைந்ததில் வித்தியாசமில்லை, தலைசுற்றல் மட்டும் அதிகம். ஆட்டோ, டூவீலர், லாரி ஓட்டுகிறவர்கள் தூக்கம் வரவைக்கும் மாத்திரை என்றால் கட்டாயம் டாக்டரிடம் தொழிலைச் சொல்லிவிட வேண்டும்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகளைச் சில நாள் எடுக்கலாம். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, அல்சர் உள்ளவர்கள் மெடிக்கலில் தாமாக வாங்கி வாரக்கணக்கில் போடுவது ஆபத்து. வியாசர்பாடி சகோதரி, அப்பாவுக்கும் இது பொருந்தும்.

தாம்பரம்_சித்தா

நான் பதிவு பெற்ற சித்த மருத்துவர். புத்தூர் கட்டு பற்றி யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆந்திராவின் புத்தூரிலிருந்து வந்த முறை அது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். உடைந்த கை கால் எலும்பை அசையாமல் வைப்பதற்கென்று வந்த கட்டு. முதுகெலும்பின் உள்ளே ஒரு ஜவ்வு நரம்பை அழுத்தும்போது வெளியே பத்தை கட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. அதைச் சாக்கிட்டு மூன்று வாரம் படுக்கப்போட்டால் தசை இளைத்துப்போகும்.

அதேசமயம் எங்கள் முறையையும் சுளுக்கு எடுக்கிறவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சித்தத்தில் புறமருந்து மட்டும் 32 வகை. ஒற்றடம், பற்று, தொக்கணம் எனும் மசாஜ் எல்லாம் அதில் அடக்கம். தொக்கணத்திலேயே தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என ஒன்பது விதம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு, கால் பலம் சரியாக இருக்கிறவர்களுக்கு, தைலமிட்டுத் தொக்கணம் செய்து நொச்சி இலை ஒற்றடம் கொடுத்தால் நன்றாக இறங்குகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனை இருக்கிறது. அங்கே போனால் படித்த மருத்துவர் பார்ப்பார். ஊர் பெயர் போட்ட போர்டைப் பார்த்துப் போகாதீர்கள். லேபிள் இல்லாத பொடி, உருண்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டே நாளில் வலி பறக்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

ஓஎம்ஆர்_தூசி

மருத்துவரே, தைலம் தேய்த்தால் பிதுங்கிய ஜவ்வு உள்ளே போகுமா? அப்படித்தானே ஊரெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள்.

தாம்பரம்_சித்தா

போகாது. அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும் தவறு. தசையின் இறுக்கம் குறையும், வலி குறையும், தூக்கம் வரும். தூக்கம் வந்தால் பாதி நோயாளி நடமாட ஆரம்பித்துவிடுகிறார். அந்த அளவுதான் நான் உறுதி சொல்வேன்.

பிசியோ_அடையாறு

இதில் எனக்கு மறுப்பு இல்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதல்முறையாக வழிகாட்டி வெளியிட்டது. அதில் மசாஜுக்கும் அக்குபஞ்சருக்கும் இடமிருக்கிறது. உடற்பயிற்சியும், நோயைப் புரியவைப்பதும் முக்கியமானவை. வேண்டாம் என்று சொன்னவற்றில் இடுப்பு பெல்ட், இடுப்பை இழுத்துவிடும் ட்ராக்‌ஷன், அல்ட்ராசவுண்டு, டென்ஸ் எனும் கரண்ட் மெஷின் எல்லாம் வருகின்றன. என் துறையில் பல கிளினிக்குகள் ஓடுவதே அந்த மெஷின்களை வைத்துத்தான். குப்புறப் படுக்கவைத்து இருபது நிமிடம் மெஷினை ஒட்டிவிட்டு வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பிசியோவிடம் போனால், இன்றைக்கு எனக்கு என்ன பயிற்சி, வீட்டில் எப்படிச் செய்வது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

ராயபுரம்_நர்ஸ்

நான் சொல்லவருவது அப்பாவைப் பற்றி அல்ல, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. எங்கள் வார்டுக்கு இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண் வந்தாள். பல மாதமாக முதுகின் நடுவில் வலி. வீட்டில் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். சாயங்காலமானால் லேசான காய்ச்சல், பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டும் அளவுக்கு இளைப்பு. இரண்டையும் யாரும் முதுகுவலியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஸ்கேனில் முதுகெலும்புக் காசநோய்.

இந்த நோய்க்கு வைத்தியம் கண்டுபிடித்ததில் நம் சென்னைக்கே பெரிய பங்கு உண்டு. சேத்துப்பட்டில் 1956ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் முதலில் வீட்டில் இருந்தபடியே மாத்திரையில் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டியது. அப்புறம் முதுகெலும்புக் காசநோய்க்கும், படுக்கையில் கட்டிப்போடாமல், பலருக்கு ஆபரேஷன் இல்லாமல், நடமாடவிட்டே மாத்திரையில் குணமாக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டினார்கள். அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரை இலவசம். அந்தப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ராத்திரி படுத்தாலும் குறையாத வலி, காய்ச்சல், இளைப்பு என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

கொளத்தூர்_வாசி

இதோடு என் தம்பி விஷயத்தையும் சேர்க்கிறேன். அவனுக்கு 24 வயதில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் கட்டை மாதிரி இருப்பான். குளித்து, நடந்து, வேலை செய்தால் சரியாகிவிடும். ஓய்வெடுத்தால் மோசம். சோம்பேறித்தனம் என்று அப்பா திட்டாத நாளில்லை. கடைசியில் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று முடக்குவாத மருத்துவர் கண்டுபிடித்தார். இடுப்பு மூட்டில் வீக்கமாம். அதற்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தால் முதுகு வளையாமல் காப்பாற்றலாம். இளவயதில் மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் முடக்குவாதப் பிரிவில் காட்டுங்கள்.

அயனாவரம்_அம்மா

எனக்கு சிசேரியன் ஆகி ஏழு வருடம். முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி போகவே இல்லை. என் தெருவில் எல்லாப் பெண்களும் இதையேதான் சொல்கிறோம். இதற்கு என்ன செய்வது?

ராயபுரம்_நர்ஸ்

அக்கா, ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருப்பது உண்மை. வருடக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணமில்லை. ஊசி போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அதே அளவு இடுப்பு வலி இருக்கிறது என்று ஒப்பிட்டே பார்த்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் வயிற்றுத் தசை தளர்ந்துவிடுகிறது. அது பலப்படுவதற்குள் குழந்தையை ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு, மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் இன்னொரு பக்க இடுப்பில் குடத்தோடு மாடி ஏறுகிறோம். ஏழு வருடமாக எத்தனை குடம் தூக்கியிருப்பீர்கள்! ஊசியின் மேல் பழி போட்டுவிட்டால் இதற்கெல்லாம் வழி செய்யாமலே விட்டுவிடுவோம், அதுதான் எனக்கு வருத்தம்.

பிசியோ_அடையாறு

அதே. வயிறு, பிட்டம், முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி கேட்டு வாங்குங்கள் அக்கா, ஏழு வருடம் கழித்தும் பலன் உண்டு. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெரம்பூர்_லோகோ

கட்டாந்தரையில் படுத்தால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது சரியா? எனக்கு எழுந்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

பிசியோ_அடையாறு

ஐயா, ஸ்பெயினில் 313 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2003ல் வெளிவந்தது. மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கு வலி குறைவு. தரைதான் பழக்கம், அதில்தான் தூக்கம் வருகிறது என்றால் படுக்கலாம். வைத்தியம் என்று நினைத்துப் படுக்கவேண்டாம்.

வியாசர்பாடி_மகள்

எல்லோருக்கும் நன்றி. அரசு பொது மருத்துவமனையில் காட்டினோம். டாக்டர் ரிப்போர்ட்டைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் அப்பாவை நடக்கவிட்டு, காலை நீட்டியபடி தூக்கி, கட்டைவிரலை அழுத்தி, ஊசிமுனையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரல் பலம் ஐந்துக்கு நாலு என்று எழுதினார். இரண்டு வாரம் பொறுக்கலாம், பலம் இதைவிடக் குறைந்தால் அன்றைக்கே வரவேண்டும், அப்போது ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார். ஆபரேஷன் தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிசியோவில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாளாகச் செய்கிறார். கெண்டைக்கால் வலி குறைந்து பிட்டத்தில் வலி கூடியிருக்கிறது. கெட்டதா?

பிசியோ_அடையாறு

நல்ல செய்தி! வலி பாதத்திலிருந்து மேலே ஏறி இடுப்பை நோக்கி ஒடுங்கினால் நரம்பு இளகுகிறது என்று பொருள். இடுப்பில் வலி கூடினாலும் பரவாயில்லை. எதிர்த்திசையில் போய்க் காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சொல்லித்தந்தவரிடம் காட்டுங்கள். குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனங்கள் இப்போதைக்கு வேண்டாம்.

நாள் முழுக்கப் படுத்திருக்கவும் விடாதீர்கள். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள், தெருவில், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளில் பலமுறை நடக்கட்டும். குணமானபிறகும் நடையை விடவேண்டாம். இடுப்பு வலி வந்து தேறியவர்களை வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வரை நடக்கவைத்து 2024ல் ஓர் ஆய்வு வந்தது. நடந்தவர்களுக்கு வலி மறுபடி வரப் பாதிப்பேருக்கு 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள்.

வியாசர்பாடி_மகள்

அப்பா கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான் மேடம். வண்டி எப்போது எடுக்கலாம்?

கொருக்குப்பேட்டை_பேட்டரி

நானும் ஆட்டோதான் தங்கச்சி, அப்பாகிட்ட இதைச் சொல்லு. பழைய வண்டியா இருந்தா கீழே இருக்கிற லிவரைக் குனிந்து திரும்பி இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும், அந்த இழுப்பில்தான் பாதிப்பேருக்குப் பிடிக்கிறது. செல்ஃப் ஸ்டார்ட்டை முதலில் ரிப்பேர் செய்யச் சொல். இடது காலை மடக்கி சீட்டுமேல் வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அதையும் விடச் சொல். சீட்டு பள்ளமாகியிருந்தால் ஸ்பாஞ்ச் மாற்றிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டால் எனக்கு உதவியது.

பிசியோ_அடையாறு

அண்ணன் சொன்ன அத்தனையும் செய்யுங்கள். குலுக்கலும் ஒரே நிலையில் உட்காருவதும் ஆட்டோக்காரர்களுக்கு வலியைக் கூட்டும். அதனால் நாள் கணக்கு வைத்துச் சொல்லமாட்டேன். அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தும் வலி காலுக்கு இறங்கவில்லை, பிரேக் மிதிக்கக் கால் தயங்கவில்லை, தூக்கம் வரவைக்கும் மாத்திரை இல்லை, மறுபரிசோதனையில் கட்டைவிரல் பலம் குறையவில்லை என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டு முதல் வாரம் காலையில் மட்டும் பக்கத்துச் சவாரி எடுக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகளைத் தூக்கி மேலே கட்டுவதை வேறு யாராவது செய்யட்டும். ஒவ்வொரு சவாரிக்கும் நடுவில் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் சற்று வளையவேண்டும். சாயங்காலம் வந்ததும் நீங்களே அந்தக் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். டியூ விஷயத்தை இப்போதே ஃபைனான்ஸ்காரரிடம் பேசி ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள், மருத்துவமனைச் சீட்டின் நகலையும் கொண்டுபோங்கள்.